மலை சரிந்த பிறகு கணபதி

குடும்பமே உலகம் என்று வாழ்ந்த ஒருவருக்கு, அடுத்த வீட்டுத் துக்கம் எவ்வளவு தூரம் சொந்தமாக முடியும்? கணபதியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு போட்டே ஓய்வுபெற்றவர். பெரிய மனிதர் என்று சொல்ல முடியாது. சங்கக் கூட்டம், கோயில் கமிட்டி எதிலும் தலைகாட்டியதில்லை. வேலை விட்டால் வீடு. அங்கே மனைவி கமலாட்சி, ஒரே மகள் நிரஞ்சனி. மகள் முன்பள்ளி ஆசிரியையான பிறகும் மழை நாட்களில் குடையோடு சந்தியில் போய் நிற்பார்.

"நான் என்ன சின்னப்புள்ளயாப்பா?" என்பாள்.

"மழைக்குத் தெரியுமா அது?" என்பார்.

அந்தக் கார்த்திகையில் ஒருநாள் கமலாட்சியைச் சர்க்கரை கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவர்கள் குடியிருந்த லயம் இல்லை. சரிந்த மலை அதையும், கீழே ரோட்டோரம் இருந்த மஹ்ரூபின் கடைவீட்டையும் ஆற்றுப் பக்கம் தள்ளியிருந்தது. லயத்தில் நிரஞ்சனி இருந்தாள். கடைவீட்டில் மஹ்ரூபின் மகள் பஸ்லா. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

இராணுவம் தோண்டியது. மழை மறுபடி பிடித்ததும் நிறுத்திவிட்டுப் போனது. பல்லேபொலயில் தன் தங்கை வீட்டில் கிடந்த கமலாட்சி சோற்றைத் தொடவில்லை.

"எலும்பா இருந்தாலும் கொண்டாந்து குடுங்க. ஒரு புடி மண்ணு போட்டாத்தான் எனக்கு மூச்சு வரும்."

கணபதி அங்கிருந்து தினமும் முதல் பஸ்ஸில் மண்வெட்டியோடு வந்தார். அவர் நானா என்று அழைக்கும் மஹ்ரூபும் பக்கத்தில் நின்று வெட்டினார்.

"விறகு தள்ளுன கையில்லயா அண்ணே. ஒங்களுக்கு ஈடு குடுக்க எனக்கு ஏலாது."

"கல்லாவுல ஒக்காந்த ஒடம்பு நானா அது. மெதுவா வெட்டுங்க."

வெட்டிய இடத்தை மறுநாள் சேறு மூடியிருக்கும். ஒருநாள் மஹ்ரூப் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, தொழுது அடக்கணும் அண்ணே. வாப்பாண்டு அதையாவது செய்ய வாணாமா?"

கணபதி தோண்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஆற்றின் வளைவில் ஓர் இளம்பெண்ணின் உடல் ஒதுங்கியது. முகமோ துணியோ மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு குடும்பங்களையும் அழைத்தார்கள். அடையாளம் சொல்ல முடியாவிட்டால் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், மாதங்கள் ஆகும் என்றார் டாக்டர். மஹ்ரூப் உள்ளே போய், சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். "தெரியல்ல," என்றார்.

அடுத்துப் போன கணபதி நெடுநேரம் கழித்தே வந்தார். கமலாட்சி எழுந்து நின்றாள். அவளைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னார்: "எங்க புள்ள இல்லீங்க. நானாவோட மகதான். அவங்ககிட்ட குடுத்துடுங்க."

"நல்லாப் பாத்தீங்களா?" என்றாள் கமலாட்சி.

"பாத்தேன்."

அன்று மாலையே பஸ்லாவின் பெயரில் அடக்கம் நடந்தது. கணபதி மையவாடி வாசல்வரை போய் நின்றார். இதைப் பெருந்தன்மை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர் உண்மையையே சொல்லியிருக்கலாம். பொய் சொல்லியிருந்தால், கொடுத்தது அவருடையது மட்டுமல்ல, கமலாட்சியுடையதும்தான், அவளைக் கேட்காமல்.

மறுநாள் விடியலில் கமலாட்சி வழக்கம்போல் தேநீர் போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"பஸ் போயிரும்ங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. அன்றும் சரி, போன தையில் கண்ணை மூடும்வரையிலும் சரி, கணபதி மகளைத் தேடித் தோண்டப் போகவேயில்லை.