தேவையில்லை என்று நீக்கப்பட்ட வரி

வேலணையில், சாட்டிக் கடற்கரைக்குப் போகும் பாதையோரம், ஊருக்குப் பொதுவான நன்னீர்க் கிணறு ஒன்று உண்டு. அளவோடு இறைக்கும்வரை அது நன்னீர். அளவு மீறினால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். ஏறிய உவர் இறங்க ஒரு மாரி போதாது. அந்த அளவைக் காக்கும் பொறுப்பை ஊரவர் இந்துஜாவிடம் ஒப்படைத்திருந்தனர்.

அவள் தந்தையார் பதுளையில் கடை வைத்திருந்தவர். மகளோ கணினி படித்து, வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனிகளுக்குச் செய்நிரல் எழுதுகிறவள். நீர் இறைக்கும் மோட்டரை அளவு நிரம்பியதும் தானாக நிறுத்தும் சிறு கருவியொன்றைச் செய்து, அதற்கான செய்நிரலையும் எழுதிக் கிணற்றடியில் பொருத்தினாள். அதுவரை மோட்டரைக் கவனித்து வந்தவர் அயலில் புகையிலைத் தோட்டம் செய்யும் விநாயகமூர்த்தி.

“இனி நீங்கள் வரத் தேவையில்லை, அண்ணை. கருவி பாத்துக்கொள்ளும்.”

“ஓம் பிள்ளை,” என்றார். ஆயினும் பின்னேரங்களில் மோட்டர்க் கொட்டிலின் நிழலில் வெற்றிலை போட்டபடி இருந்தார்.

வைகாசி வெயிலில் ஊர் முழுவதும் தண்ணீர் கேட்ட ஒரு நாள், அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“பிள்ளை, உம்மடை கருவி நித்திரை போலை. மோட்டர் நிக்கேல்லை. நான் நிப்பாட்டிப்போட்டன்.”

“தண்ணி?”

“வாயிலை விட்டுப் பாத்தனான். இன்னும் நல்ல தண்ணிதான்.”

இந்துஜா உடனே கணினியைத் திறந்தாள். வரிவரியாகப் பிழையைத் தேடத் தொடங்கினாள்.

இறைத்த நீரைக் கணிக்க அவள் செய்நிரல் இரண்டு எண்களைப் பெருக்கும். பெருக்குத்தொகை கருவி கொள்ளும் எல்லையைத் தாண்டினால் என்ன நேரும் என்று அந்தக் கணினிமொழி எதையும் விதிக்கவில்லை. அவள் கருவியில் அது மறை எண்ணாக மாறுவது வழக்கம். ஆகவே, விடை பூச்சியத்திலும் குறைந்தால் மோட்டரை நிறுத்துமாறு ஒரு காவல்வரி எழுதியிருந்தாள்.

செய்நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் தொகுப்பியோ வேறுவிதமாகத் தர்க்கித்தது. நேர் எண்கள் இரண்டைப் பெருக்கினால் விடை பூச்சியத்திலும் குறையாது. எழுதியவர் எல்லை தாண்டவும் மாட்டார். ஆகவே இவ்வரி தேவையில்லை. வேகத்துக்காகச் செய்நிரலைச் சுருக்கியபோது அதை நீக்கிவிட்டது. அதனால் விடை மறை எண்ணானபோது, அளவு இன்னும் நிரம்பவில்லை என்றே கருவி கொண்டது. பரீட்சித்த வேளையில் அவள் அந்தச் சுருக்கலைச் செய்விக்காததால் வரி தன் வேலையைச் செய்திருந்தது. தொகுப்பி எந்த விதியையும் மீறவில்லை. விதி மௌனமாயிருந்த இடத்தில் அவளை முழுமையாக நம்பியது.

பெருக்கும் முன்பே எல்லையைச் சோதிக்குமாறு வரியை மாற்றினாள். மறுநாள் அக்கிணற்று நீரிலேயே தேநீர் ஊற்றி எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள்.

“நான் வைச்ச காவலைத் தொகுப்பி தேவையில்லையெண்டு எடுத்துப்போட்டுது, அண்ணை.”

“ஆர் அந்தாள்? எங்கடை ஊரோ?”

“இல்லை. நான் உங்களுக்குச் சொன்னதைத்தான் அது எனக்குச் செய்தது. நல்லகாலம், நீங்கள் என்ரை சொல்லுக் கேக்கேல்லை.”

“என்ரை மனிசியைக் கேட்டிருந்தால் முதலே சொல்லியிருப்பா.”

இந்துஜா சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. “பெரிய உதவி, அண்ணை. நாளைக்கும் வாங்கோ.”

“வராமல்? வீட்டிலை வெத்திலை போட விடுறாவே?”

அவள் நீட்டிய தேநீரை அவர் ஒரு மிடறு வாயில் வைத்துச் சற்றே நிறுத்தினார். அவள் அவர் முகத்தையே பார்த்து நின்றாள்.

“சீனிதான் கூடிப்போச்சு,” என்றார் விநாயகமூர்த்தி.