அலை எண்ணும் முறுக்கு டின்

என் மேஜையில் ஒரு முறுக்கு டின் இருக்கிறது. அண்ணி மணப்பாறையில் இருக்கும் தன் பிறந்த வீட்டுக்குப் போய் வந்தபோது கொண்டு வந்தது. முறுக்கு தீர்ந்ததும் மூடியில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டினேன். அந்த ஓட்டைக்குள் இப்போது சிவப்பு எண்கள் ஒளிரும். மைக்ரோவேவ் அலை வினாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணிச் சொல்லும் கருவி அது. சுவிட்சைப் போட்டால், எதையும் இணைக்காதபோதே எண்கள் தாறுமாறாக ஓடும். முதல் தடவை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

நான் ஹாம் ரேடியோ வைத்திருப்பவன்; உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே வானொலி அலையில் மற்றவர்களோடு பேசுவது என் பொழுதுபோக்கு. நாலு பேர் முன்னால் பேச வராது. மைக் முன்னால் மட்டும் வரும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து லால்குடி நண்பரோடு மைக்ரோவேவில் பேசிவிட வேண்டும் என்பது அப்போது என் பெரிய ஆசை. அலையை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரையும் கட்டி முடித்திருந்தேன். ஆனால் எங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை எல்லைக்குள்தான் அது ஒலிபரப்புகிறது என்று அளந்து காட்டாமல் இயக்கக் கூடாது என்று எங்கள் ஹாம் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். கல்லூரி ஆய்வகத்தில் கேட்டால் அளந்து கொடுப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த வாசலில் போய்க் கேட்கக் கூச்சம். அதைவிட, அளக்கும் கருவியையே செய்துவிடுவது எனக்குச் சுலபமாகப் பட்டது.

வினாடிக்கு ஆயிரம் கோடி முறை துடிப்பதை நேராக எண்ண முடியாது. முதலில் அதை வகுத்துக் குறைத்துக் கொடுக்க ஒரு சிப் வேண்டும். உளுந்தம் பருப்பு அளவுதான் இருக்கும். வாங்கியவை இரண்டு. முதலாவதை ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது சூட்டில் கருக்கிவிட்டேன். இரண்டாவதை வெளியே எடுப்பதும் திரும்ப டப்பாவில் வைப்பதுமாக இருந்தேன். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி எழுந்து வந்து பார்த்தார்.

“தள்ளுங்க தம்பி. இதைவிடப் பொடிக் கல்லுக்கெல்லாம் பட்டை போட்டிருக்கேன்.”

கல்யாணத்துக்கு முன் திருச்சியில் செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டிய கை அது. எங்கே தொட வேண்டும், எவ்வளவு நேரம் சூடு காட்டலாம் என்று நான் சொல்லச் சொல்ல, மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பின் கம்பிக் கால்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். பாதியில் அண்ணன் காபி கேட்டபோது, “போட்டுக் குடிங்க, கை வேலையா இருக்கு” என்றார். அண்ணன் அடுப்படிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் எங்கள் மாடிக்கு வந்தார்கள். சுவிட்சைப் போட்டேன். எண்கள் ஓடின.

“என்னங்க இது, ஒண்ணுமே மாட்டலை, காத்தையே எண்ணுதா?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்த சிப் அப்படித்தான். உள்ளே அலை வராதபோது தானாகவே துடிக்கும். எனக்கு அது தெரியும்; பற்றவைத்த அன்றே அண்ணியிடமும் சொல்லியிருந்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. மோர் கொண்டு வந்த அண்ணி தட்டைக் கீழே வைத்தார்.

“ஆள் இல்லாதப்ப அது தன்னால முணுமுணுக்குங்க. நீங்க பேச்சுக் கொடுங்க, ஒழுங்கா பதில் சொல்லும்.”

கல்லூரியில் துடிப்பை அளந்து சீட்டு வாங்கிய, அலை எழுப்பும் ஒரு சிறு கருவியைச் செயலாளர் கொண்டு வந்திருந்தார். அதை இணைத்ததும் எண்கள் சட்டென்று நின்றன. அவர் கையிலிருந்த சீட்டையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. பிறகு என் டிரான்ஸ்மிட்டரை இணைத்தோம். எல்லைக்குள்ளேயே இருந்தது. “லால்குடியைக் கூப்பிடுங்க” என்றார் செயலாளர்.

கொள்ளிடத்தைத் தாண்டி நண்பரின் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் வந்தது. அண்ணி காது கொடுத்துக் கேட்டார். “லால்குடிக்குப் பேசவா இத்தனை பாடு? பஸ்ஸுல ஒரு எட்டுப் போயிட்டு வந்திருக்கலாமே!” என்றார். ஆனால் அன்று சாயந்திரம் தெருவில் எத்தனை பேரிடம் அதைச் சொன்னார் என்பதை நான் அறிவேன்.

இப்போது அண்ணனும் அண்ணியும் மகனோடு மணப்பாறையில் இருக்கிறார்கள். போன வாரம் சங்கக் கூட்டத்துக்கு டின்னை எடுத்துப் போயிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் எண்கள் ஓடின. புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி பக்கத்தில் இல்லை. நான் எழுந்து நின்றேன்.

“ஆள் இல்லாதப்ப அது தன்னால முணுமுணுக்குங்க” என்று ஆரம்பித்தேன். “இதைப் பத்தவெச்சது எங்க அண்ணி.”

பிறகு அலை எழுப்பும் கருவியை இணைத்தேன். எண்கள் நின்றன. நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.