முடிவிலி வாலா

எண்ணிக்கையில் விற்கும் எந்தப் பொட்டலத்தின் மேலும், உள்ளே எத்தனை இருக்கிறது என்பதை எண்ணால் அச்சிட வேண்டும் என்பது விதி. எது எண் என்று விதி சொல்லவில்லை. 2002-இல் ஆறாம் வகுப்பில் இருந்த எனக்கு அந்த விதியும் தெரியாது, அதிலுள்ள ஓட்டையும் தெரியாது. அத்தைக்கு இரண்டும் தெரிந்திருந்தன.

விஸ்வநத்தத்தில் மாமாவுக்குச் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. மற்றவர்கள் சரவெடிக்கு ஐயாயிரம் வாலா, பத்தாயிரம் வாலா என்று லேபிள் ஒட்டினார்கள். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. கணக்கில் பட்டம் வாங்கிய அத்தை, அந்த இடத்தில் படுத்துக் கிடக்கும் எட்டைப் போன்ற ஒரு குறியை அச்சடிக்க வைத்தாள். முடிவிலி.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், லோடு ஏறிய லாரி கிளம்பும் நேரத்தில், எடையளவுத் துறை ஆய்வாளர் வந்தார். லேபிளைத் தலைகீழாகவும் பார்த்தார்.

"இது நம்பரே இல்லம்மா. சரக்கு போகக்கூடாது."

மாமா வெளிறிப்போனார். அந்த ஒரு லோடுதான் அவருக்கு அந்த வருஷத்துச் சீசன்.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "ஏலே, பள்ளிக்கூடம் போறவன்தான நீ? இதோட ஒண்ணக் கூட்டுனா எம்புட்டு?"

அத்தை எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தாள். "அம்புட்டேதான் சார்."

"கேட்டீகளா? கூட்டியும் கூடலைன்னா அது என்ன நம்பரு?"

"பூச்சியத்தோட பூச்சியத்தக் கூட்டுங்க சார். அதுவுந்தான் கூடலை. பூச்சியம் நம்பர் இல்லையா?" என்றாள் அத்தை.

"ஏ, நீ சும்மா இரேன்" என்று மாமா முனகினார்.

"நீங்க இருங்க. சார், இது நம்பர் இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. லோடை நானே இறக்குறேன்."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். யோசித்தார். மூடிவிட்டார். கையெழுத்துக் கேட்டால் எந்த அதிகாரிக்கும் அடக்கம் வந்துவிடும் என்பதைக் கற்க எனக்குப் பதினைந்து வருட ராணுவ எழுத்தர் வேலை தேவைப்பட்டது. அத்தை அதை எங்கே கற்றாளோ.

"மேல எழுதிக் கேக்குறேன்" என்றார் அவர். கேள்வி மேலே போய்விட்டால், பதில் வரும்வரை சரக்கின் மேல் அவர் கை வைக்க முடியாது. அன்று சாயங்காலமே லாரி கிளம்பிவிட்டது.

நான் தினமும் தபால்காரரை வழிமறித்தேன். சென்னையில் பேராசிரியர்கள் கூடிக் கரும்பலகை நிறைய எழுதி எழுதி அழிப்பதாகவே நம்பினேன். "என்ன பதில் வரும் அத்தை?" என்று கேட்டால், "எது வேணா வரட்டும்லே, மெதுவா வரட்டும்" என்பாள். கணக்குப் படித்தவளுக்கு இவ்வளவு அலட்சியமா என்று எனக்கு வருத்தம்.

முடிவிலி எண் ஆகாது, அந்த லேபிளுடன் சரக்கை அனுப்பக் கூடாது என்று பதில் வந்தது. அத்தை தோற்றுவிட்டாள் என்று நான் விக்கி விக்கி அழுதேன். மாமாவோ சாத்தூர்ச் சேவு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. அன்று தேதி டிசம்பர் ஒன்பது.