நாற்காலியக்கா போட்ட சத்தம்

துணிக்கடையில் எங்கள் தளத்தில் எல்லோரும் அவளை நாற்காலியக்கா என்றுதான் கூப்பிடுவோம். கேலியாக வைத்த பெயர். வைத்தவளே நான்தான்.

பத்து மணி நேரமும் நின்றே விற்க வேண்டும், சுவரில்கூடச் சாயக் கூடாது என்பது கடை விதி. விற்பனைப் பெண்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல் வேண்டும் என்று அக்கா ஒன்பது வருடம் மல்லுக்கட்டினாள். கடை வாசலில் கோரிக்கை அட்டை பிடித்து நின்றாள். குடோனுக்கு மாற்றினார்கள், அங்கிருந்தும் மனு எழுதினாள். அவள் புருஷன், "வீட்ல நாலு நாற்காலி சும்மாத்தானே கிடக்கு, அதுல உட்காரேன்" என்பாராம். நாங்கள் மட்டும் என்ன யோக்கியம்? அவள் கையெழுத்து கேட்டு வந்தால் கழிவறைக்குள் ஓடி ஒளிந்துகொள்வோம்.

போன மாதம் புதுச் சட்டம் வந்தது, ஸ்டூல்களும் வந்துவிட்டன. அக்காவும் எங்கள் தளத்துக்குத் திரும்பினாள். மூன்று நாள் ஒருத்தியும் உட்காரவில்லை. நின்று நின்று, உட்காருவதே திருட்டு மாதிரி ஆகிவிட்டது எங்களுக்கு. ஸ்டூல்களின் மேல் தலையணை உறைகளை அடுக்கி வைத்தோம்.

அக்காவுக்கு வந்ததே கோபம்! "இதுக்காகவாடி நான் நாயா அலைஞ்சேன்?" என்று உறைகளைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் நின்ற திரைச்சீலைப் பிரிவுப் பெண்ணைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கின. உட்கார்ந்ததும் அவள் விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

அப்போது லிஃப்ட் திறந்தது. வாடிக்கையாளர் அம்மா ஒருவர் வந்தார், பின்னாலேயே மேனேஜர். மேனேஜர் ஸ்டூலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த அம்மாவுக்கு வழிவிட்டார்.

"ஏய், எழுந்திருடி! ஆள் வராங்க, கண்ணு தெரியல?"

கத்தியது யார் என்று எல்லோரும் திரும்பினோம். நாற்காலியக்கா!

மேனேஜர் கத்தி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒருநாளும் இப்படி அதிர்ந்ததில்லை. அந்தப் பெண் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"நானா? நானாடி சொன்னேன்?"

மேனேஜர் நகர்ந்ததும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "உட்காரும்மா. தெரியாம வாய்ல வந்துடுச்சு, உட்காரு" என்று கெஞ்சினாள்.

அவள் திரைச்சீலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "மேனேஜர் கத்தியிருந்தாக்கூட எழுந்திருக்க மாட்டேங்க்கா, நீங்க இருக்கீங்கங்கிற தைரியம். நீங்களே சொன்னப்புறம் யாரை நம்பி உட்கார்றது?"