வவுனியாவில் எவடம்?

கொழும்புக்குப் போகும் யாழ்ப்பாணத்தானுக்கு எங்கே தங்குவது என்பது ஒரு கேள்வியே அல்ல. வெள்ளவத்தைதான். அங்கே ஊர்ச்சனம் நிறைந்த காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஊரை விட்டு வெளிக்கிட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும். இம்முறை எனக்குப் பிரச்சினையே அதுதான்.

இருதயக் குழாய்களுக்குள் மருந்து விட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதே கிழமை மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. சாதகக் குறிப்புப் பார்த்தாயிற்று. பிள்ளைகள் இருவரும் வீடியோவில் கதைத்து, ஒருவரையொருவர் பிடித்தும் போயிற்று. மகள் காலையில் பாட்டு முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா இருப்பது வெள்ளவத்தையில். பெண்ணின் தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம் என்ற செய்தி அங்கே போனால், அது பரம்பரை வருத்தமாகி இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகள்வரை தொற்றுவதற்கு அரை மணித்தியாலம் போதும்.

"வெள்ளவத்தையிலை மரக்கறி வாங்கப் போனாலே மூண்டு பேர் கேப்பினம், என்ன அலுவலா வந்தனீங்கள் எண்டு," என்றாள் மனைவி. "கொட்டாஞ்சேனையிலை போய் நில்லுங்கோ. அங்கை உங்களை ஒருத்தருக்கும் தெரியாது."

"முப்பது வருசமாப் பேப்பரிலை எழுதுறன். இஞ்சையே ஒருத்தருக்கும் தெரியாதே."

"அது வேறை."

ஆகவே கொழும்பின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனை. ஓட்டோக்காரரிடம் சிங்களத்தில் இடம் சொன்னேன். அவர் தமிழில் பதில் சொன்னார். ஏன் சொன்னார் என்று இறங்கும்வரை யோசித்தேன். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் என்னை இரண்டு தரம் பார்த்தார். பெரியம்மாவின் மூக்கு அவருக்கும் இருந்தது போலப் பட்டது. பெரியம்மாவை நான் பார்த்ததில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மாடியில் அறைகள் வாடகைக்கு விடுபவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா. அறையைக் காட்டுமுன் கேட்டார்.

"தம்பி எவடம்?"

எங்கள் சனத்தின் இந்த ஒரு சொல்லுக்குள் ஊர், குறிச்சி, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் அடங்கும். வாய்விட்டுக் கேட்க முடியாத இன்னொன்றும் அடங்கும். ஒழுங்காகப் பதில் சொன்னால் மூன்றாவது கேள்வியில் என் மச்சானின் பெயர் வந்துவிடும்.

"வவுனியா," என்றேன்.

"வவுனியாவிலை எவடம்?"

அந்த ஊரில் எனக்குத் தெரிந்தது பஸ் தேத்தண்ணிக்கு நிற்கும் இடம் மட்டும்தான். "பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்திலை."

"ஐடென்டி கார்ட்டைத் தாங்கோ பாப்பம்."

அலுமாரி நிறையத் துப்பறியும் நாவல் வைத்திருக்கும் எனக்கு, அட்டையில் விலாசம் இருப்பது அப்போதுதான் உறைத்தது. அக்கா அதை முன்னும் பின்னும் திருப்பி வாசித்தார். பிறகு போனில் படம் எடுத்தார்.

"தனிய வாறீங்கள். கையிலை சின்ன பேக். ஊரையும் மாத்திச் சொல்லுறீங்கள். ஆரும் தேடுகினமோ?"

"ஐயோ, இல்லை அக்கா."

"பொறுங்கோ. என்ர தங்கச்சி வெள்ளவத்தையிலைதான். உங்கட ஊர்ச் சனம் முழுக்க அவளுக்குத் தெரியும். விசாரிச்சிட்டு அறை தாறன்."

வெள்ளவத்தைக்குத் தெரியக்கூடாது என்று வந்தவன், அடையாள அட்டையோடு அங்கே போய்ச் சேரப்போகிறேன். பதறிப்போய் எல்லா உண்மையையும் கொட்டினேன்: நாளை காலைப் படம், மகளின் சம்பந்தம், பெரியம்மா.

"இதுக்கோ? நான் கொலைக் கேஸ் எண்டெல்லோ நினைச்சனான்!" அக்காவின் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. "ஆனா உங்கட கார்ட் படம் தங்கச்சிக்குப் போட்டுது தம்பி. அவள் பாத்தும் போட்டாள். வாட்ஸ்அப்பிலை ரெண்டு சரி அடையாளமும் நீலம்."

அறைத் திறப்பை வாங்கிக்கொண்டு மேலே போய்க் கட்டிலில் இருந்தேன். இனி அந்தத் தங்கச்சி யார் யாரிடம் கேட்பாள்? பெரியம்மாவின் வாயால் போவதைவிட என் வாயால் போவது மேல். மனைவியைக் கேட்காமலே மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் போன் எடுத்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துவது கேட்டது. சம்பந்தம் குழம்புவது இப்படித்தான் கேட்கும் போலும்.

"கையாலையோ, துடையாலையோ?" என்றார்.

"என்னது?"

"ரியூப் விடுறது."

"கையாலை எண்டவை."

"அப்ப பயமில்லை. எனக்குத் துடையாலை. ரெண்டு ஸ்டென்ட் கிடக்கு."

"நீங்கள் சொல்லேல்லையே!"

"நீங்கள் மட்டும் சொன்னனீங்களோ? பிள்ளையளுக்குப் பிடிச்சிருக்கு, வாயைத் திறந்து கெடுத்துப்போடாதையுங்கோ எண்டு மனிசி சொன்னவ." செருமிக்கொண்டார். "இதுக்காக நிப்பாட்டுறேல்லை. உங்கட ரிப்போர்ட் வந்தோடனை அனுப்புங்கோ. என்ரையை இப்பவே அனுப்புறன்."

குறிப்புக்குப் பிறகு ரிப்போர்ட்டும் மாற்றிக்கொண்ட முதல் சம்பந்திகள் நாங்களாகத்தான் இருப்போம். ஒரு நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அவர் சொன்னபடியே இரண்டு ஸ்டென்ட். நெஞ்சு லேசானது. மகளுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அதற்கு முன், இரண்டு விரலால் பக்கத்தைப் பெரிதாக்கி, எங்காவது மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று அடிவரை தேடினேன்.