கார்டு மச்சினனுடையது, கை அவருடையது

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவருக்குப் ‘பாக்கலாம்’ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பல் வலிக்கிறதே பிடுங்கிவிடலாமா என்றால் பாக்கலாம். வீடு மாற்றலாமா என்றால் பாக்கலாம். தலைக்கு மேலே கூரை சரிகிறது என்று கத்தினாலும் மனிதர் நிமிராமல் அதையேதான் சொல்லியிருப்பார். பெட்டிக்குப் பசை தடவும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருவரை அப்படிச் சொல்லிவிட்டால் அவரிடம் இன்னும் நாலு வேலை வாங்கிக்கொள்ளலாமே!

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வாசலில் கார்டைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். ஒருவனுக்கு அவசரமாக லீவு வேண்டுமென்றால், அன்று வார ஓய்வில் இருக்கிற இன்னொருவன் அவன் கார்டைத் தேய்த்து உள்ளே போய் அவன் மெஷினில் நிற்பான். இன்னொரு நாள் அவன் இவனுக்கு நிற்பான். ரிஜிஸ்டரிலும் ஆள் குறையாது, மெஷினும் நிற்காது. சூப்பர்வைசருக்கு இது நன்றாகத் தெரியும். ஆள் மாறி வருகிற நேரம் பார்த்து அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்தக் கண்ணாடி மாதிரி சுத்தமான கண்ணாடி அந்த ஊரிலேயே கிடையாது.

மனைவியின் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். இவர்தான் சேர்த்துவிட்டார். அட்டையை வெட்டுகிற பஞ்சிங் மெஷின் அவன் பொறுப்பு. ஒருநாள்கூட விடாமல் ஒரு வருஷம் வந்தால் வேலை நிரந்தரம். நடுவில் ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. எட்டு மாசம் ஓட்டிவிட்டான். ஒரு புதன்கிழமை காலை, முந்தின ராத்திரி அக்கா வீட்டில் தங்கியவனுக்குக் காய்ச்சல் கொளுத்தியது.

“மாமா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்,” என்று போர்வைக்குள்ளிருந்து கார்டை நீட்டினான்.

“உன் மெஷின நான் தொட்டே ஏழெட்டு வருஷம் ஆச்சேடா.”

“அது என்ன, கடிச்சிடவா போகுது?”

கடித்தது. பஞ்சிங் மெஷின் வாயைத் திறந்து திறந்து மூடும். திறக்கும்போது அட்டையை வைத்துவிட்டு, மூடுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துவதற்கென்று ஒரு கம்பி உண்டு. அது அடிக்கடி நிறுத்துகிறது, பெட்டி குறைகிறது என்று யாரோ அதைப் பிளாஸ்டிக் கயிற்றால் மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். பதினோரு மணி வாக்கில் ஒரு அட்டை கோணலாகப் போனது. அதை நேராக்கப் போனார். வலது கையில் மூன்று விரல் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனது சூப்பர்வைசர்தான். பாதி வழியில் அவர் பேச ஆரம்பித்தார்.

“அண்ணே, கணக்குப்படி இன்னிக்கு உங்களுக்கு ஓய்வு. உள்ள இருக்கறது உங்க மச்சினன். கம்பெனியில அடிபட்டுச்சுன்னு சொன்னா, நீங்க எப்படி உள்ள வந்தீங்கன்னு கேப்பாங்க. அவன் வேலையும் போகும், என் வேலையும் போகும். வீட்டு இரும்பு கேட்ல நசுங்கிடுச்சுன்னு சொல்லிடுவோம். கம்பெனி உங்கள விட்டுடுமா? கை ஆறட்டும், உக்காந்து பாக்குற வேலையா போட்டுத் தர்றேன்.”

மயக்கம் வரும்போதுகூட இவர் வாயில் அந்தப் ‘பாக்கலாம்’தான் வந்தது. சூப்பர்வைசர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். டாக்டர் சீட்டில் கேட் என்று எழுதினார்.

சாயங்காலம் சீட்டைப் படித்த மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “எந்த கேட்டுங்க? நாம இருக்கறது மூணாவது மாடி. நமக்கு ஏதுங்க கேட்டு?”

“மெதுவா பேசு.”

அவள் வீட்டில் தலையணை உறை தைத்துக் கொடுப்பவள். கட்டோடு அவர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: “ஒரு வக்கீலப் பாத்துக் கேட்டா என்ன? கேக்குறதுக்குக் கை வேணாம், வாய் போதுமே.”

“கட்டு பிரிக்கட்டும்.”

கட்டு பிரித்தார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இடது கையால் சவரம் செய்த முதல் நாள், பூனையோடு சண்டை போட்டவர் மாதிரி வெளியே வந்தார். சட்டைப் பட்டனை அவள் போட்டுவிட்டாள். போட்டுக்கொண்டே மறுபடி கேட்டாள்.

“சூப்பர்வைசர் வேலை தர்றேன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கார். இப்ப வக்கீல்கிட்ட போனா முறைச்சுக்குவார்மா.”

முதல் மாசம் கம்பெனியிலிருந்து ஒரு கூடை ஆப்பிள் வந்தது. இரண்டாம் மாசம் சூப்பர்வைசர் போனில் சௌக்கியம் விசாரித்தார். மூன்றாம் மாசம் இவர் போன் செய்தார், அவர் எடுக்கவில்லை. அவள் விடவில்லை. அப்போதுதான் அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“இன்னும் ஒரு மாசத்துல அவன் நிரந்தரம் ஆயிடுவான். இப்பப் போய்க் கிளறினா போறது யாரு? உன் தம்பிதானே?”

அவள் தையல் மெஷினை வேண்டியதைவிட வேகமாக மிதித்தாள். ஒரு உறைக்கு நாலு பக்கமும் தைத்து மூடிவிட்டு, பிறகு பிரித்தாள்.

தம்பி நிரந்தரம் ஆனான். இனிப்பு டப்பாவோடு வந்து மாமா காலில் விழுந்தான்.

“இனிமே வக்கீலப் பாக்கட்டுமாடா மாப்ள?”

“இப்பத்தானே மாமா ஆகியிருக்கு. சூடு ஆறட்டும். ஒரு ஆறு மாசம்.”

அந்த ஆறு மாசத்தையும் கொடுத்தார். அதன்பிறகு ஒரு நாள், வேலை என்ன ஆயிற்று என்று கேட்கக் கம்பெனிக்கே போனார். தன் கார்டைத் தேய்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை தேய்த்தார்.

“அது திறக்காதுண்ணே,” என்றார் காவலாளி. “நீங்களே வேலைய விட்டு நின்னுட்டதா லிஸ்ட்ல போட்டிருக்கு. எப்பவோ.”

அன்றே வக்கீலிடம் போனார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை. வக்கீலம்மா நாள், நேரம், மெஷின் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கார்டு விஷயத்தை மட்டும் இவர் கடைசிவரை பதுக்கிவைத்து, கொலை செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வக்கீலம்மா பேனாவை வைத்தார்.

“இதுக்காகவா பத்து மாசம் வராம இருந்தீங்க?”

“தப்புதானேம்மா?”

“தப்புதான். அதுக்காகக் கை அங்க போகலன்னு ஆயிடுமா? சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சு நடந்த வழக்கம். அத வெச்சே நான் கேஸ் நடத்தியிருப்பேன். உங்க மச்சினன் வேலைக்கும் சேத்துப் பேசிப் பாத்திருப்பேன். வாசல்ல கேமரா உண்டா?”

“உண்டு. ஒரு மாசத்துக்கு மேல பதிவு நிக்காதுன்னு சொல்வாங்க.”

“பக்கத்துல நின்னவங்க?”

“ரெண்டு பேரு. ஒருத்தர் வெளிநாடு போயிட்டார். இன்னொருத்தர இப்ப வேற பிரிவுல சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க.”

“அந்த மெஷின்?”

“வித்துட்டாங்கம்மா.”

“எங்க வீட்டுல கேட்டே கிடையாதும்மா,” என்றாள் மனைவி.

“பக்கத்து வீட்டு கேட்னு சொல்லிட்டுப் போவாங்க. சீட்டுல இருக்கறது இவர் வாயால சொன்னது.” வக்கீலம்மா அவர் கையை ஒரு நிமிஷம் பார்த்தார். “கட்டு பிரிக்கட்டும்னு இருந்தீங்களே, கட்டோட வந்திருக்கணும். இப்ப ஒரே சாட்சிதான் மிச்சம். அன்னிக்கு நான் போகல, கார்டக் கொடுத்தனுப்பினேன்னு உங்க மச்சினன் எழுதித் தரணும்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்த மச்சினனிடம் இவர் கேட்டார். அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கையைக் கழுவி, துண்டில் விரல் விரலாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“ரிஜிஸ்டர்ல அன்னிக்கு நான் வந்ததா இருக்கே மாமா.”

“இருக்கு. அது நான்டா.”

“யார் கேட்டாலும் நான் வந்தேன்னுதான் சொல்வேன். எனக்கு வேற வழியில்ல. உங்களுக்கு எது வேணும்னாலும் நான் செய்யறேன், இத மட்டும் கேக்காதீங்க.”

“உனக்காகத்தானேடா போனேன்.”

“கார்டத்தான் கொடுத்தேன். கைய உள்ள விடுங்கன்னா சொன்னேன்?”

அவள் உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள். “டேய். அன்னிக்கு உன் நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தது யாருடா?”

அவன் அக்காவை நேராகப் பார்த்தான். “ஞாபகம் இல்லக்கா.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். மூன்று மாடி இறங்கி முடிக்கிறவரை படியில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் வக்கீலம்மாவிடம் அவளே பேசினாள். “அவன் அன்னிக்கு என் வீட்டுல படுத்திருந்தான். நான் எழுதித் தர்றேன்.”

“நீங்க இவரோட மனைவி. மனைவி சொல்றதாத்தான் எடுத்துப்பாங்க. எழுதிக்கிறேன், ஆனா பெருசா நம்பிடாதீங்க.”

“கூடப் பொறந்தவன எதுத்துச் சொல்றேனேம்மா. அதுக்கு எடை கிடையாதா?”

“கொஞ்சம் உண்டு.”

எழுதி முடித்துக் காகிதத்தைத் திருப்பி வைத்தார் வக்கீலம்மா. அவள் பேனாவை எடுத்தாள், ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

“இதுல கையெழுத்துப் போட்டா என் தம்பி வேலை போயிடுமா?”

“போனாலும் போகலாம்.”

“இவருக்கு ஏதாவது கிடைக்குமா?”

“கிடைக்காமலும் போகலாம்மா. வருஷக் கணக்கா இழுக்கும்.”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தன் பெயரை எழுத்து எழுத்தாகப் போட்டாள். பிறகு பேனாவை அவர் இடது கையில் வைத்து, அவர் போடுகிறவரை காகிதம் நகராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.