மாமா என்னைக் கேட்ட ஒரே கேள்வி

மாமா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என் தமக்கையின் கணவராகிய அவர்களைப் பற்றி நல்லவர், பொறுமைசாலி என்று மட்டும் எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மேல் எனக்கு இருந்தது அன்பு என்றால் அது பாதி உண்மைதான். மீதி பொறாமை.

மாமா மண்டகப்பட்டில் ஏழைக் குடியில் பிறந்தவர்கள். தாயார் மோர் விற்றுப் படிக்கவைத்தார். விடுதிச் சோற்றில் வளர்ந்து, அவலூர்பேட்டையில் ஆசிரியராகி, பிறகு கல்வி இலாகாவின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனார்கள். பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை, வந்த பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள், அரசு என்ன செய்தால் வருவார்கள் என்று ஊர் ஊராக விசாரித்து எழுதி அனுப்புவதே வேலை. ஓய்வு பெறும் வரை அதுதான். அறிக்கையின் மேல் அதிகாரிகள் பெயர் இருக்கும். மாமா அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அக்கா கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தபோது நானும் கூடவே வந்து அவர்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே மாமா என்னைப் பள்ளியில் உட்காரவைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சோற்றுக்கும் சட்டைக்கும் குறைவில்லை. ஆனால் பள்ளிக்குப் போகிற பிள்ளையிடம் விசாரிக்க மாமாவுக்கு என்ன இருக்கிறது? அவர்கள் கேள்வியெல்லாம் போகாத பிள்ளைகளுக்கே.

அவர்கள் விசாரிக்கும் முறையே தனி. முதல் நாள் காகிதத்தை எடுக்க மாட்டார்கள். எந்த வீட்டில் விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிறார்களோ அங்கே போய்த் தாங்களும் உட்கார்ந்து உடைப்பார்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது அவர்கள் கண்ட வழி. நகக்கண் சிவந்துதான் வீடு திரும்புவார்கள்.

“கெவுருமெண்டு இவுருக்குப் பேனா புடிக்கச் சம்பளம் குடுக்குதா, மல்லாட்டை ஒடைக்கக் குடுக்குதா?” என்று அக்கா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தருவார்.

மாமா சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். மலையனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பெயர் வள்ளி. “இன்னா கேள்வி கேக்குது தெரியுமா அந்தப் பொண்ணு!” என்பார்கள். நான் கணக்கில் முதலாவதாக வந்ததைச் சொல்லலாம் என்று தட்டின் எதிரே காத்திருப்பேன். “அப்பிடியா? நல்லது மச்சான்” என்பார்கள். அவ்வளவுதான். முகம் தெரியாத அந்த வள்ளியை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஓய்வு பெற்றபோது பள்ளிக் கொட்டகையில் பாராட்டு விழா நடந்தது. வாழ்த்து மடலை நானே எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்தேன். வாங்கி வந்த சாமந்தி மாலையை அவர்கள் கழுத்தில் போட்டேன். அன்றைக்காவது மாமா எனக்கு மட்டும் மாமாவாக இருப்பார்கள் என்று நினைத்தேன். அப்போது பஸ்ஸை விட்டு இறங்கி வியர்க்க விறுவிறுக்க வயதான ஓர் அம்மாள், வளர்ந்து பெரியவளாகிவிட்ட மகளோடு உள்ளே வந்தார். மகள்தான் வள்ளி.

“ஐயா, மல்லாட்டை பறிக்கிற மாசத்துல இஸ்கூலுக்கு லீவு உட்டாங்களே, நீங்க சொல்லித்தானாமே? அதுலதான் இவ அப்ப நிக்காம எட்டாவது முடிச்சா.”

“நான் எங்கம்மா சொன்னேன்? நீ சொன்ன, நான் எழுதினேன்” என்ற மாமா, நான் போட்ட மாலையைக் கழற்றி வள்ளி கழுத்தில் போட்டுவிட்டார்கள். கொட்டகையே கைதட்டியது. நான் தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா சிரித்தார்: “இன்னாடா, மூஞ்சி மாங்கா ஊறுகா மாதிரி இருக்குது?”

ஓய்வுக்குப் பிறகு உடல் தளர்ந்தது. மார்புவலியில் படுத்த பின் எழவில்லை. ஒரு காலையில் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மாமா என் முகத்தையே பார்த்தார்கள்.

“மச்சான், ஊரெல்லாம் ஏன் வரலன்னு கேட்டுகினே வயசு போயிடுச்சி. ஒன்ன ஒண்ணும் கேக்கலியே. நீ ஏன் வந்த பள்ளிக்கூடத்துக்கு?”

வாழ்நாளெல்லாம் ஏங்கிய கேள்வி. நல்ல பதிலாகச் சொல்ல நினைத்தேன். வாயில் உண்மைதான் வந்தது.

“படிக்கவா வந்தேன் மாமா? அம்மா போன பொறவு அக்காதான் எனக்கு அம்மா. நீங்க அவங்கள வண்டியில ஏத்திகினு போனீங்க. பொறுக்கல. சக்கரத்தைப் புடிச்சிகினு அழுதேன். நீங்கதான், ‘அழுவாத மச்சான், நீயும் ஏறு’ன்னீங்க. ஒங்க மேல இருந்த பொறாமையிலதான் வந்தேன்.”

மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். “இத்தினி ஊரு சுத்தினேன், இந்தக் காரணம் ஒரு வூட்லயும் கெடைக்கலியே! இத எழுதாம உட்டுட்டனே மச்சான்.”

அவர்கள் எழுதாமல் விட்டதை இங்கே நான் எழுதிவிட்டேன்.

மாமாவுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், அக்காவைத் தனியே விடாமல் துணையிருந்த கடைத்தெரு அம்மாக்களுக்கும், மல்லாட்டைப் பறிப்பை விட்டுவிட்டு இறுதி ஊர்வலத்துக்கு வந்த ஊரார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாடையைத் தூக்க எல்லாரும் போட்டி போட்டார்கள். முன்கொம்பை நான் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. சுடுகாட்டு வழியில் பாடையை இறக்கிவைத்தபோது, கூட்டத்தோடு வந்த வள்ளி தன் கையிலிருந்த சாமந்தி மாலையை என்னிடம் நீட்டி, “நீங்களே போடுங்கண்ணா” என்றாள். வாங்கிப் போட்டேன். வள்ளிக்கும் நன்றி.

இங்ஙனம்,
மைத்துனன்